புல அலுவலகத்துத் தமிழுக்கு ஒரு நடைக் கையேடு: தயாரிப்பதும் பயன்படுத்துவதும்

பல துறைகள் அடங்கிய ஒரு பல்கலைக்கழகப் புலத்திலிருந்து ஒரு கல்வியாண்டில் என்னவெல்லாம் வெளியே போகிறது? சுற்றறிக்கை, சேர்க்கை அறிவிப்பு, கருத்தரங்க அழைப்பிதழ், இணையப் பக்கம், வாட்ஸ்அப் செய்தி, நாளிதழுக்கான செய்திக்குறிப்பு, சான்றிதழ். ஒன்றைத் துறைத் தலைவர் எழுதுவார், ஒன்றை அலுவலக உதவியாளர் தட்டச்சு செய்வார், இன்னொன்றை முனைவர் பட்ட ஆய்வாளர் இரவோடு இரவாக வடிவமைப்பார். விளைவு: பெயர்ப்பலகையில் ‘மொழியியல் துறை’, அழைப்பிதழில் ‘மொழியியற்துறை’, சான்றிதழில் ‘மொழியியற்றுறை’. எது சரி என்று கேட்டால் ஆளுக்கொரு விடை வரும். நான்கு ஆண்டுகள் கழித்து வேறோர் ஊரில் அந்தச் சான்றிதழைச் சரிபார்ப்பவர் மூன்றும் ஒன்றுதானா என்று கேட்டு எழுதும்போது, அலைவது மாணவர்தான்.

நடைக் கையேடு இலக்கணப் புத்தகம் அல்ல. இரண்டு வடிவங்கள் புழங்கும் இடத்தில் ‘எங்கள் புலத்தில் இது’ என்று எடுத்த முடிவுகளின் பட்டியல். நான்கு பக்கத்துக்கு மேல் போனால் யாரும் திறக்க மாட்டார்கள். இலக்கணம் அறிந்த ஒருவர், அலுவலகத்தில் தட்டச்சு செய்பவர், இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்பவர் என மூவர் இரண்டு மதியங்கள் உட்கார்ந்தால் எழுதிவிடலாம். கடந்த ஓராண்டில் வெளியான ஐம்பது அறிவிப்புகளை அச்செடுத்து மேசையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். எங்கெல்லாம் ஒரே சொல் இரண்டு விதமாக வந்திருக்கிறதோ அங்கெல்லாம் கோடிடுங்கள். கையேட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதை அந்தக் கோடுகளே சொல்லிவிடும்.

பெயர்கள்

முதல் பக்கம் முழுக்கப் பெயர்களுக்குத்தான். பல்கலைக்கழகத்தின் பெயர், புலத்தின் பெயர், துறைகள், ஆய்வு மையங்கள், அரங்குகள், பதவிகள். இங்கே சொந்த ரசனைக்கு இடமில்லை. சட்டத்திலோ ஆட்சிக்குழுத் தீர்மானத்திலோ உள்ள வடிவம் எதுவோ அதுதான். நாளிதழ்கள் ‘காமராஜர்’ என்று எழுதினாலும் மதுரையில் உள்ள பல்கலைக்கழகம் தன் பெயரை ‘மதுரை காமராசர் பல்கலைக்கழகம்’ என்றே எழுதுகிறது. அதற்குக் கடிதம் எழுதும்போது நாமும் அப்படியே எழுதுவோம். துறையின் முறையான பெயரில் ‘மற்றும்’ இருந்தால், அந்தச் சொல் நமக்குப் பிடிக்காவிட்டாலும் அப்படியே விட வேண்டும்.

பழைய பெயர்களில் கவனம் தேவை. மதுரையில் 1966இல் தொடங்கியது ‘மதுரைப் பல்கலைக்கழகம்’. காமராசர் பெயர் சேர்ந்தது 1978இல். ஆகவே 1970களின் முற்பகுதியில் மு. வரதராசன் துணைவேந்தராக இருந்தது மதுரைப் பல்கலைக்கழகத்தில். நினைவு மலர்களிலும் பேச்சாளர் அறிமுகங்களிலும் இன்றைய பெயரைப் பழைய ஆண்டோடு ஒட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது. பட்டம் பெற்ற ஆண்டில் நிறுவனத்துக்கு என்ன பெயரோ அதை எழுதி, தேவைப்பட்டால் ‘இன்றைய’ என்று சேர்த்து இப்போதைய பெயரைத் தரலாம்.

நம்மைப் போன்ற பிரிவுக்குச் சில இடங்களில் ‘பள்ளி’ என்று பெயர். 1981இல் தஞ்சாவூரில் தொடங்கப்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகம் ‘புலம்’ என்கிறது: கலைப்புலம், சுவடிப்புலம், மொழிப்புலம். முறையான பெயர் எதுவாயினும் மாற்றாதீர்கள். ஆனால் ‘பள்ளி’ என்று இருந்தால், பொதுமக்களுக்கான அறிவிப்பில் பல்கலைக்கழகப் பெயரை அதே வரியில் சேர்த்துவிடுங்கள். வெறும் ‘பள்ளியில் சேர்க்கை’ என்று போட்டால் ஆறாம் வகுப்புக்கு இடம் கேட்டுத் தொலைபேசி வரும்.

ஆள் பெயர்களுக்கு மூன்று விதிகள் போதும். ஒன்று, அவர் தம் பெயரை எப்படி எழுதுகிறாரோ அப்படியே எழுத வேண்டும். ஸ்ரீநிவாசனைச் சீனிவாசன் ஆக்கும் உரிமை நமக்கில்லை. இரண்டு, தலைப்பெழுத்து தமிழில் இருக்க வேண்டும். தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் ஆணையிட்டது. தலைப்பெழுத்துக்குப் பின் புள்ளி, பிறகு ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் வரி முறியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று, ஒரு பெயருக்கு முன் ஒரே அடைமொழி. ‘பேராசிரியர் முனைவர் திரு.’ என்று அடுக்க வேண்டாம். முனைவர் பட்டம் பெற்றவருக்கு ‘முனைவர்’, மருத்துவம் படித்தவருக்கு ‘மருத்துவர்’. ‘டாக்டர்’ இரண்டுக்கும் பொதுவாகிவிடுவதால் தவிர்ப்பது நல்லது.

பெண்களுக்குத் தனியாக ‘பேராசிரியை’, ‘தலைவி’ என்று எழுத வேண்டியதில்லை. பேராசிரியர், தலைவர் எல்லாருக்கும் பொருந்தும். ‘மாணவ, மாணவியர்களுக்கு’ என்பதில் ‘அர்’, ‘கள்’ என்று இரட்டைப் பன்மை. ‘மாணவர்களுக்கு’ என்றாலே எல்லாரும் அடக்கம். படிவங்களில் ‘மாற்றுத்திறனாளி’, ‘திருநர்’ என்ற சொற்களையே பயன்படுத்துங்கள். பத்தாண்டுக்கு முந்தைய படிவத்தை நகலெடுத்துத் தேதியை மட்டும் மாற்றும் அலுவலகங்களில்தான் இழிவாக ஒலிக்கும் பழைய சொற்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை எல்லாப் படிவங்களையும் முழுக்க வாசிக்க ஒரு நாள் ஒதுக்குங்கள்.

ஒரு சுற்றறிக்கையைப் பிரித்துப் பார்ப்போம்

எந்தப் புலத்திலும் காணக்கூடிய வாசகம் இது:

“இதன்மூலம் அனைத்து முதுகலை மாணவ, மாணவியர்களுக்கும் தெரிவிப்பது யாதெனில், எதிர்வரும் பருவத் தேர்விற்கான தேர்வு கட்டணத்தை உரிய காலத்திற்குள் செலுத்துமாறும், தவறும் பட்சத்தில் அபராத கட்டணத்துடன் செலுத்த நேரிடும் என்றும், மேற்படி கட்டணம் இணையவழியில் மட்டுமே பெறப்படும் என்றும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.”

ஒரே வாக்கியம், மூன்று செய்திகள். ‘மாணவியர்களுக்கும்’ என்று தொடங்கி ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்று முடிகிறது. யார் கேட்டுக்கொள்ளப்படுகிறார் என்பதற்கு எழுவாயே இல்லை. ‘தேர்வுக் கட்டணம்’, ‘அபராதக் கட்டணம்’ இரண்டிலும் ஒற்று விடுபட்டுவிட்டது. இவற்றைவிடப் பெரிய குறை, மாணவருக்குத் தேவையான எதுவுமே இதில் இல்லாததுதான். எவ்வளவு? எந்தத் தேதி? எங்கே? ‘எதிர்வரும்’ என்ற சொல், இந்தச் செய்தி ஆறு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் மறுபடி சுற்றும்போது இன்னொரு பருவத்தைக் குறிக்கும். ‘உரிய காலம்’ எது என்று கேட்டே அலுவலகத் தொலைபேசி நாள் முழுக்க ஒலிக்கும்.

இப்படி மாற்றலாம். தொகைகளும் தேதிகளும் மாதிரிக்கு:

“முதுகலை மாணவர்கள் நவம்பர் 2026 பருவத் தேர்வுக் கட்டணத்தை 09.10.2026 வெள்ளிக்கிழமை மாலை 5.00 மணிக்குள் செலுத்த வேண்டும். கட்டணம் தாளுக்கு ரூ.150. பல்கலைக்கழகக் கட்டண இணையதளத்தில் மட்டுமே செலுத்த முடியும். அலுவலகத்தில் பணமாகவோ வரைவோலையாகவோ பெறுவதில்லை. 10.10.2026 முதல் 16.10.2026 வரை ரூ.300 தாமதக் கட்டணத்துடன் செலுத்தலாம். அதன் பிறகு செலுத்த இயலாது. விவரங்களுக்கு: புல அலுவலகம், அறை எண் 12, வேலை நாள்களில் காலை 10.30 முதல் மாலை 4.30 வரை.”

இந்த வரிசையை மனப்பாடமாக்கிக்கொள்ளுங்கள்: யார், என்ன செய்ய வேண்டும், எப்போதுக்குள், எவ்வளவு, எப்படி, தவறினால் என்ன, யாரிடம் கேட்பது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி. மரியாதை குறைந்துவிட்டதே என்று மூத்த பேராசிரியர் ஒருவர் சொல்லக்கூடும். ‘செலுத்த வேண்டும்’ என்பதில் அவமரியாதை எதுவும் இல்லை. பெற்றோர் கடன் வாங்கிக் கட்டும் பணத்துக்கு உரிய தேதியைத் தெளிவாகச் சொல்வதுதான் மரியாதை.

அலுவலகத் தமிழில் தானாக வந்து விழும் சிலவற்றையும் களையலாம். ‘தமிழ் மற்றும் ஆங்கிலத்தில்’ என்பதைத் ‘தமிழிலும் ஆங்கிலத்திலும்’ என்றால் இயல்பாக இருக்கும். ‘நடத்தப்பட உள்ளது’ என்பதற்கு ‘நடைபெறும்’ போதும். ‘விண்ணப்பங்கள் வரவேற்கப்படுகிறது’ என்பது மிகப் பரவலான பிழை, பன்மைக்கு ‘வரவேற்கப்படுகின்றன’. அதைவிட ‘விண்ணப்பிக்கலாம்’ என்பது இன்னும் சிறிது, இன்னும் தெளிவு.

எந்தக் காகிதத்துக்கு என்ன பெயர் என்பதையும் ஒருமுறை முடிவுசெய்யுங்கள். புலத்துக்குள் ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் போவது சுற்றறிக்கை. மாணவருக்கும் வெளியாருக்கும் போவது அறிவிப்பு. ஆணையாக வெளியாவது செயல்முறைகள். எல்லாவற்றுக்கும் ‘சுற்றறிக்கை’ என்று தலைப்பிட்டால் பிறகு கோப்பில் எதையும் கண்டெடுக்க முடியாது.

ஒற்று

அலுவலகத்தில் எல்லாருக்கும் சந்தி இலக்கணம் கற்பிக்க முயல வேண்டாம். புலத்தில் திரும்பத் திரும்ப வரும் முப்பது தொடர்களை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் பெரும்பாலான பிழைகள் நின்றுவிடும்: துறைத் தலைவர், கல்விக் கட்டணம், தேர்வுக் கட்டணம், நுழைவுத் தேர்வு, நுழைவுச் சீட்டு, விண்ணப்பப் படிவம், ஆய்வுக் கட்டுரை, வாய்மொழித் தேர்வு, அறிவிப்புப் பலகை, கருத்தரங்கக் கூடம், உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர். ஒற்று வராதவற்றையும் சேர்த்தே எழுதுங்கள்: மாணவர் சேர்க்கை, முனைவர் பட்டம், பட்டமளிப்பு விழா, பல துறைகள், படித்த பாடம்.

இதற்கு மேல் நான்கு இடங்களை மட்டும் நினைவில் வைத்தால் போதும். அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கும்போது, ‘ஐ’ உருபுக்குப் பின் ஒற்று வரும்: கட்டணத்தைச் செலுத்த. ‘கு’ உருபுக்குப் பின் வரும்: துறைக்குச் சென்று. அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின் வரும்: இந்தப் படிவம். ‘செய்ய’ வகை எச்சங்களுக்கும் ‘என’, ‘ஆக’ ஆகியவற்றுக்கும் பின் வரும்: செலுத்தத் தவறினால், எனக் கூறினார். ‘என்று கூறினார்’ என்பதில் வராது. வாணி எழுத்துப்பிழைத் திருத்தியையும் நாவி சந்திப்பிழைத் திருத்தியையும் பயன்படுத்துங்கள், நல்ல உதவி. ஆனால் ஆள் பெயரிலும் ஊர்ப் பெயரிலும் அவை காட்டும் திருத்தத்தை அப்படியே ஏற்காதீர்கள்.

இருவகையும் புழங்கும் சொற்களுக்கு விவாதம் வளர்க்காமல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: நாள்கள் அல்லது நாட்கள், வாழ்த்துகள் அல்லது வாழ்த்துக்கள், இலட்சம் அல்லது லட்சம், இணையதளம் அல்லது இணையத்தளம். ஓர், ஒரு என்பதில் மட்டும் தேர்வு இல்லை. உயிரெழுத்துக்கு முன் ‘ஓர்’: ஓர் ஆண்டு, ஓர் ஆய்வு, ஒரு துறை.

எண், தேதி, பணம்

தேதியோடு கிழமை எப்போதும் சேரட்டும். தேதியில் ஓர் எண் தவறினால் கிழமை காட்டிக்கொடுக்கும். அதனால் வெளியிடும் முன் இரண்டும் பொருந்துகின்றனவா என்று நாள்காட்டியைத் திறந்து பார்க்க வேண்டும், நினைவிலிருந்து எழுதக் கூடாது. அலுவலகக் கடிதத்தில் 09.10.2026, அழைப்பிதழிலும் செய்திக்குறிப்பிலும் 2026 அக்டோபர் 9 என்று இரண்டு வடிவங்களுக்கு மேல் வேண்டாம். ‘12 மணி’ என்று மொட்டையாக எழுதாமல் ‘நண்பகல் 12.00’ என்று எழுதுங்கள். இரவு 12 மணிவரை என்றால் எந்த நாளின் இரவு என்ற குழப்பம் வரும், ‘09.10.2026 இரவு 11.59 வரை’ என்றால் வராது.

எண்ணோடு உருபு சேர்வதில் 2026இல், 2026-இல், 2026ல் என மூன்றும் கண்ணில் படும். ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், ‘10ஆம்’, ‘10-ஆம்’ என்பதையும் அதே பாணியில் அமையுங்கள். ஒரே பக்கத்தில் இரண்டு பாணி கலந்தால் அது இருவர் எழுதி ஒட்டியது என்று பார்த்த உடனே தெரியும்.

திருவள்ளுவர் ஆண்டு எழுதும் புலங்கள், பொது ஆண்டோடு 31ஐக் கூட்டுவதை எல்லாரும் அறிவார்கள். ஆனால் தை முதல் நாள் வரும்வரை கூட்ட வேண்டியது 30தான். 2026 ஜனவரி 10 என்றால் திருவள்ளுவர் ஆண்டு 2056. பொங்கலுக்குப் பிறகே 2057. ஜனவரி முதல் இரண்டு வாரங்களில் நடக்கும் கருத்தரங்குகளின் அழைப்பிதழில் இந்தப் பிழை தவறாமல் நுழைகிறது.

தொகையில் காற்புள்ளி நம் முறைப்படி: ரூ.1,25,000.

எழுத்துரு: பெரும்பாலான நேரம் போகும் இடம்

வெளிவரும் அனைத்தும் ஒருங்குறியில் (யூனிகோடு) இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2010லேயே ஒருங்குறியை ஏற்று ஆணை வெளியிட்டுவிட்டது. இருந்தும் பாமினியிலும் வானவில்லிலும் தட்டச்சு செய்த கோப்புகள் இன்றும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அந்தக் கோப்பை இணையப் பக்கத்தில் ஒட்டினால் புரியாத குறிகளாகத் தெரியும். காரணம், பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்துவைத்தன. எழுத்துரு இல்லாத கணினியில் உள்ளே இருப்பது வெளியே தெரிந்துவிடுகிறது.

எழுத்துரு மாற்றும் மென்பொருளைக் கொண்டு மாற்றியபின் வேலை முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். மின்னஞ்சல் முகவரிகளையும் ஆங்கிலச் சொற்களையும் அந்த மென்பொருள் தமிழென்று எடுத்துக்கொண்டு குலைத்திருக்கும். அவற்றை மூலத்தைப் பார்த்துக் கையால் தட்டச்சு செய்யுங்கள். ஸ்ரீ, க்ஷ, ஔ, மேற்கோள் குறிகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு பிழை உண்டு. ‘கௌரவ விரிவுரையாளர்’ என்பதில் ‘கௌ’ ஓர் எழுத்து. ககரமும் ஔகாரக் குறியும் சேர்ந்தது. பலர் அதை ‘கெ’ தட்டி ‘ள’ தட்டி ‘கெளரவ’ ஆக்குகிறார்கள். தாளில் வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் இணையதளத்தில் ‘கௌரவ விரிவுரையாளர்’ பணியிடம் தேடுபவருக்கு உங்கள் அறிவிப்பு கிடைக்கவே கிடைக்காது. பார்வையற்றவருக்குப் படித்துக்காட்டும் மென்பொருள் ‘கெளரவ’ என்றே உச்சரிக்கும். திருத்தும்போது அவசரப்பட்டு எல்லா ‘ெள’வையும் மொத்தமாக மாற்றிவிடாதீர்கள், ‘வெளியீடு’, ‘தெளிவு’, ‘வெள்ளி’ எல்லாம் உடைந்துபோகும். கெளரவ, பெளதிக, மெளன, செளந்தர என்று முழுச் சொல்லாகத் தேடி மாற்றுங்கள். ‘ஔவை’யை ‘ஒளவை’ என்று தட்டுவதும் இதே வகை.

அழைப்பிதழையும் சுவரொட்டியையும் வடிவமைக்கும்போது, பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழுக்குச் சாய்வெழுத்து வேண்டாம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் தனியாக வரைந்த சாய்வு கிடையாது, மென்பொருள் வெறுமனே வளைத்துவிடும். நூல் பெயருக்கு ஒற்றை மேற்கோள், அழுத்தத்துக்குத் தடித்த எழுத்து. வரி இடைவெளி எழுத்தின் அளவைப் போல் ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். குறைந்தால் மேல்வரியின் ‘ழு’ கீழ்வரியின் ‘ளி’யோடு மோதும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் இருபுறமும் சமன்செய்தால் நடுவில் ஓட்டைகள் விழும். இடப்புறம் மட்டும் சீராக விடுங்கள்.

குறுஞ்செய்தி அனுப்புபவர்கள் கவனிக்க: தமிழ் கலந்தால் ஒரு செய்திக்கு 160 அல்ல, 70 இடங்கள்தான். ‘துணைவேந்தர்’ நம் கணக்கில் 6 எழுத்து; குறுஞ்செய்திக் கணக்கில் 11 இடம், ஏனென்றால் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். நீண்டால் இரண்டு மூன்று செய்தியாகப் பிரிந்து, அதற்கேற்பக் கட்டணமும் கூடும். தேதி, கட்டணம், எங்கே பார்க்க வேண்டும் என்பதோடு நிறுத்துங்கள்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும் ஒவ்வோர் அறிவிப்புக்கும் கீழே அதே செய்தியை எழுத்தாகவும் தட்டுங்கள். படத்தைத் தேட முடியாது, படித்துக்காட்டும் மென்பொருளும் அதை வாசிக்காது. வருடிய (ஸ்கேன் செய்த) பக்கங்களைக் கோப்பாக்கி ஏற்றுவதிலும் இதே குறை.

அழைப்பிதழும் செய்திக்குறிப்பும்

அழைப்பிதழில் சண்டை வருவது பெயர் வரிசையால். வேந்தர், இணைவேந்தர், துணைவேந்தர், பதிவாளர் என்ற வரிசை பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே இருக்கும். பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக் கையேட்டில் அச்சடித்துவிட்டால் ஒவ்வொரு முறையும் பேச வேண்டியதில்லை. வரவேற்புரை, தலைமையுரை, நோக்கவுரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை ஒவ்வொன்றுக்கும் ஒருவர். ஏழு பேருக்கு வாழ்த்துரை போட்டால் சிறப்புரைக்கு இருபது நிமிடம்கூட மிஞ்சாது. பேச்சாளரிடம் பெயர், பதவி, நிறுவனம், உரைத் தலைப்பு நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் கேட்டு எழுதியதை அச்சுக்கு அனுப்பக் கூடாது. தமிழ்த்தாய் வாழ்த்து தொடக்கத்தில், நாட்டுப்பண் இறுதியில், இரண்டும் நிகழ்ச்சி நிரலில் இடம்பெற வேண்டும்.

செய்திக்குறிப்பு ஒரு பக்கம். முதல் பத்தியிலேயே என்ன நடந்தது, எங்கே, எப்போது, யார் பேசினார்கள், என்ன சொன்னார்கள். ‘குத்துவிளக்கேற்றி இனிதே தொடங்கியது’ என்று ஆரம்பித்தால் செய்தி ஆசிரியர் அடுத்த வரிக்குப் போக மாட்டார். படம் இரண்டு போதும். ‘இடமிருந்து வலமாக’ என்று எல்லாப் பெயர்களும், பதவிகளும். நிகழ்ச்சி நடந்த அன்று மாலைக்குள் போய்ச் சேர வேண்டும்.

வெளியிடும் முன்பும் பின்பும்

எழுதியவரே மெய்ப்புப் பார்க்கக் கூடாது. இன்னொருவர் மூன்று முறை பார்க்கட்டும்: முதல் முறை பெயர்களை மட்டும், இரண்டாம் முறை எண்களை மட்டும், மூன்றாம் முறை வாய்விட்டு முழுதாக. பிறகு ஒரு கைபேசியில் திறந்து பாருங்கள். பெரும்பாலான மாணவர்கள் அதில்தான் படிக்கிறார்கள்.

வெளியான பிறகு பிழை தெரிந்தால் கோப்பைச் சத்தமில்லாமல் மாற்றிவைக்காதீர்கள். பழைய படி ஏற்கெனவே நூறு கைபேசிகளில் இருக்கும். ‘திருத்தம்’ என்று தலைப்பிட்டு, பழைய அறிவிப்பின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, எது மாறியது என்பதை முதல் வரியில் சொல்லுங்கள்: “கட்டணம் செலுத்தக் கடைசி நாள் 09.10.2026 அல்ல, 12.10.2026 திங்கட்கிழமை.” முந்தையது எந்தெந்தக் குழுக்களுக்கும் பலகைகளுக்கும் போனதோ, திருத்தமும் அத்தனை இடங்களுக்கும் போக வேண்டும். அந்த இடங்களின் பட்டியல் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும்.